மூன்றாவது கோடு

ஆபீஸில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் உரியவில்லை. கணக்குப் புத்தகம், மருத்துவப் புத்தகம், பரீட்சைத் தாள் என்று அச்சுக்கோக்க எது வந்தாலும் அதிலுள்ள வளைகோடுகள் அவள் பொறுப்பு. பென்சிலும் ஸ்கேலும் வைத்து வரைவதில்லை. டெக் என்று ஒரு மென்பொருள். அதற்கு எழுத்தில் கட்டளை கொடுத்தால் பக்கமாகச் செய்து கையில் கொடுக்கும். நாலைந்து கட்டளைகளைச் சேர்த்து ஒரே சொல்லுக்குள் கட்டி வைத்தால் அதற்கு மேக்ரோ என்று பெயர். புள்ளியக்கா கட்டி வைத்திருந்த மேக்ரோ, நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்படி வைத்துக்கொண்டே போகும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வழவழவென்று ஒரு கோடு.

இப்போது அதற்கெல்லாம் தயாராகவே எத்தனையோ வசதிகள் வந்துவிட்டன. அதை அவளிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் வேண்டும். என் மேக்ரோவில் என்ன குறை கண்டீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். குறை கண்டவர் யாருமில்லாததால் பேச்சு அத்தோடு முடிந்துபோகும். தலைக்கனம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் வேலை தெரிந்தவளின் தலைக்கனம் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

தலைக்கனத்தைவிட மோசமானது அவளுடைய சுத்தம். மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால் பேசிக்கொண்டே நிமிர்த்தி வைப்பாள். அடுத்தவர் மேஜையிலும் வைப்பாள். கட்டளைகளை எழுதும்போதும் அதே கதைதான். ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்க வேண்டும், உள்ளே போகப் போகப் படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி இறங்க வேண்டும். யாராவது நீளமாக ஒரே வரியில் எழுதியிருந்தால், மூச்சு விடாமல் எங்கே ஓடுகிறாய் என்று கேட்டுவிட்டு, தானே உட்கார்ந்து அதை உடைத்து அடுக்கிக் கொடுப்பாள்.

வீட்டில் ஒரு தங்கை. பதின்மூன்று வயது இளையவள். அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது, இவளுக்குப் பத்தொன்பது. அப்பா இருந்தார், இருந்தார் என்பதோடு சரி. கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவள் பாதி நாள் வகுப்புக்குப் போயும் போகாமலும் ஒருவழியாக முடித்தாள். தங்கைக்குத் தலை பின்னினாள், காய்ச்சலுக்குக் கண் விழித்தாள், கடைசியில் கல்யாணமும் செய்துவைத்தாள். தன் கல்யாணப் பேச்சு தள்ளிப் போனது. பிறகு அந்தப் பேச்சை எடுப்பவர்களே இல்லாமல் போனார்கள். அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதில்லை. தங்கைக்கு எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்பதில் மட்டும் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

தங்கைக்கு ஒரு மகன் பிறந்து நாலு மாதம். கணவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. குழந்தைக்கு உடம்பு ஊறவில்லை. குடிக்க ஆரம்பித்த இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போகிறான். போன மாதம் சரியாக இருந்த சட்டை இந்த மாதமும் சரியாகவே இருக்கிறது. அழுகைகூடச் சன்னமாகிவிட்டது.

புள்ளியக்கா ஒவ்வொரு முறையும் கார்டை எடுத்து நீட்டினாள். சுகாதாரத் துறை பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கும் எடைக் கார்டு அது. கீழே வயது, மாதக் கணக்கில். பக்கவாட்டில் எடை. நடுவில் மூன்று வளைகோடுகள். மாதாமாதம் நர்ஸ் குழந்தையை நிறுத்துப் பார்த்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி மூன்றாவது கோட்டுக்குக் கீழே போனால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், மேலே இருந்தால் கவலை இல்லை. இந்தப் பையனுக்கு நாலு புள்ளி. நாலும் மூன்றாவது கோட்டுக்கு மேலே. கடைசிப் புள்ளி ஒரு மயிரிழை மேலே, அவ்வளவுதான். ஆனால் மேலே.

நர்ஸும் அதையேதான் சொன்னார். மாமியார் போனில் அதையேதான் சொன்னார், முதல் பிள்ளைக்காரிகள் எல்லோருமே இப்படித்தான் என்ற முத்தாய்ப்போடு. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம் தங்கை கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். போவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகலாமா என்று. அப்போது புள்ளியக்கா சொன்ன பதில்தான் இந்தக் கதையில் அவளை இன்றுவரை குத்திக்கொண்டிருப்பது.

"இது நான் போட்ட கோடு. வேற யாராவது போட்டதுன்னா சந்தேகப்படலாம். உனக்குக் குழந்தையைப் பத்திக் கவலை இல்ல, கவலைப்படறதுக்கு ஒரு குழந்தை கிடைச்சிருக்கு."

தங்கை கார்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். காலையில் புள்ளியக்கா ஆபீஸுக்குக் கிளம்பும்போதும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஒரு மணி பஸ்ஸுக்கு டிக்கெட். சரி, ஊருக்குப் போனதும் கோபம் தணிந்து அவளே போன் பண்ணுவாள் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

கார்டை அவள் கோத்தது போன வருஷம். இந்த வருஷம் மறுபடி அச்சாகிறது. துறை ஒரே ஒரு மாற்றம் கேட்டிருந்தது. மூன்றாவதற்குக் கீழே சிவப்பில் நாலாவதாக ஒரு கோடு வேண்டும், அதற்கும் கீழே போன குழந்தையை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக. பன்னிரண்டரைக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அவளுக்கு இது அரைமணி வேலை. துறை கொடுத்த எண்களை அடித்தாள், மேக்ரோவுக்கு நாலாவது தடவையாக வேலை கொடுத்தாள், டெக்கை ஓட்டினாள்.

திரையில் வந்த படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

கார்டின் இடது ஓரத்தில் முதல் கட்டம் பிறந்த மாதத்துக்கு உரியது. ஐந்து மில்லிமீட்டர் அகலம். ஒரு மாதத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் என்பது கார்டு முழுக்க உள்ள கணக்கு. பிறந்தபோது இருந்த எடையை அந்தக் கட்டத்தில் எண்ணாக எழுதிவிடுவதால், அழகுக்காக அதை முழுப் பச்சையாக நிரப்பியிருந்தார்கள். கோடுகள் அந்தப் பச்சைக்கு அடியில் தொடங்கி வெளியே வரும். மூன்று கோடுகள் அப்படித்தான் ஒழுங்காக வந்தன. புதிதாகப் போட்ட நாலாவது மட்டும் பச்சையைத் தொடாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அந்தரத்தில் தொடங்கியது.

எண்ணில்தான் பிழை என்று நினைத்தாள். ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். எண்கள் சரி. கோட்டைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். சரியான இடத்தில் தொடங்கியது. மற்றவற்றோடு சேர்த்து ஓட்டினால் மறுபடி தள்ளிப் போனது. இந்தப் பச்சைதான் ஏதோ செய்கிறது என்று எரிச்சலோடு அதை எடுத்துவிட்டு ஓட்டினாள்.

பச்சை போனதும் நாலு கோடுகளும் அடி தெரிய நின்றன. முதல் கோடு கார்டின் இடது ஓரக் கோட்டைத் தொட்டுக்கொண்டு சரியாகத் தொடங்கியது. இரண்டாவது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வலதுபுறம் தள்ளி. மூன்றாவது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக. நாலாவது ஏழு. படிக்கட்டு மாதிரி.

அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேக்ரோ இருந்த கோப்பைத் திறந்தாள். டெக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி விட்டாலும் விழுங்கிவிடும். வரியின் முடிவை மட்டும் விழுங்காது. இரண்டு சொற்களுக்கு நடுவே விடும் ஓர் இடைவெளியாக அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பாராவாக எழுதும்போது அது நல்ல வழக்கம். மேக்ரோவுக்குள் அதுவே வம்பு. வரி முடியும் இடத்தில் ஒரு சதவீதக் குறி போட்டால்தான் அந்த இடைவெளி விழாது. இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் அது. எத்தனையோ பேருக்குப் புள்ளியக்காவே சொல்லிக் கொடுத்தது.

அவளுடைய மேக்ரோவில் வரிதோறும் கடைசியில் சதவீதக் குறி இருந்தது. இரண்டு வரிகளில் மட்டும் இல்லை. மேக்ரோவை ஒருமுறை கூப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடைவெளிகள் கோட்டுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். கணக்குப் புத்தகத்தில் ஒரு படத்துக்கு ஒரே கோடு, அதன் பின்னால் என்ன விழுந்தால் யாருக்கு என்ன? ஒரே படத்தில் கோட்டுக்குப் பின் கோடாக வரைந்தால்தான் ஒன்றின் இடைவெளி அடுத்ததைத் தள்ளும், அது அதற்கடுத்ததை இன்னும் தள்ளும். கார்டில் அப்படித்தான் ஆகியிருந்தது. மேலே இருந்த, யாரும் பார்க்காத முதல் கோடு துல்லியமாக இருந்தது. எல்லோரும் பார்க்கிற மூன்றாவது கோடு ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளி நின்றது.

புதிதாக இன்றைக்கு நேர்ந்ததா, போன வருஷமே நேர்ந்ததா? எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். போன வருஷத்து ப்ரூஃப் தாள், ப்ரூஃப் பார்ப்பவரின் கையெழுத்தோடு இருந்தது. அச்சாகி வந்த கார்டு ஒன்றும் அதோடு செருகியிருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டங்கள் பொருந்தின. முதல் கோடு பொருந்தியது. இரண்டாவது கோடு லேசாக விலகியிருந்தது, மூன்றாவது நன்றாகவே இரண்டாகத் தெரிந்தது.

ப்ரூஃப் சரி. கார்டு தப்பு. நடுவில் என்ன நடந்தது என்பது அப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ப்ரூஃபில் கையெழுத்தான பிறகு, மேக்ரோவையும் சேர்த்து அனுப்பச் சொல்லித் துறையிலிருந்து கேட்டிருந்தார்கள். வெளியார் கண்ணில் படப் போகிறதே என்று அன்று காலை உட்கார்ந்து கோப்பைச் சுத்தம் செய்தாள். எப்போதோ அவசரத்தில் நீளமாக எழுதிவிட்டிருந்த இரண்டு வரிகளை உடைத்து அடுக்கினாள், உடைத்த இடத்தில் சதவீதக் குறி போட மறந்தாள். பிறகு ஒருமுறை ஓட்டி, மேலோட்டமாகப் பார்த்து, அதையே அச்சுக்கும் அனுப்பினாள். கையெழுத்தான பிறகு கோப்பைத் தொடக் கூடாது என்பது அந்த ஆபீஸின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதே அவள்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கோடு ஒரு மாதம் வலதுபுறம் தள்ளியிருந்தால், நாலு மாதக் குழந்தையை மூன்று மாதக் குழந்தையின் அளவுக்கு வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறோம். அந்த வயதில் ஒரு மாதம் என்பது அரைக் கிலோ. அந்தக் கடைசிப் புள்ளி கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை. இதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை இரண்டு மணியில் துண்டிக்கப்பட்டது. நேற்றைய கோபம். மணி பத்து ஐம்பது. ஒரு மணிக்கு பஸ். அப்படியே ஓடிவிடலாம் என்றுதான் கால் துடித்தது. ஆனால் கோப்பு அச்சகத்துக்குப் போகக் காத்திருக்கிறது. போன வருஷக் கார்டு எத்தனை வீட்டில் இருக்கிறதோ. இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வியையே அவரும் கேட்டார். இதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்? பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடி சாரைக் கூப்பிட்டார். ப்ரூஃப் பார்ப்பவரை அந்த ஆபீஸில் அப்படித்தான் சொல்வார்கள். அறுபதை நெருங்கியவர், ஒரு கண்ணில் சமீபத்தில்தான் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதற்குப் பிறகு தன் பார்வையைப் பற்றி அவருக்கே உள்ளூர நடுக்கம். தாளை வாங்கிப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பார்த்துதான் போட்டிருப்பேன்," என்றார். "கண்ணு சரியில்லாம இருந்த சமயம் அது."

ப்ரூஃப் பார்ப்பவர் பின்னே எதற்கு இருக்கிறார் என்று முதலாளி ஆரம்பித்தார். கண்ணாடி சார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் செய்யாத தப்பைத் தன்னுடையது என்று நம்பத் தொடங்கிவிட்டார் என்பது புள்ளியக்காவுக்குத் தெரிந்தது. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் முழுசாக அவள் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் யாரிடமும் தலைகுனியாமல் இருந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை அவளே பிறகு வெட்கத்தோடு சொன்னாள்.

"அவர் பார்த்தது சரியான கோடு சார்," என்றாள். "கையெழுத்தானதுக்கு அப்புறம் ஃபைலைத் தொட்டது நான். தப்பு என்னோடது."

முதலாளி அவளை ஒருமுறை பார்த்தார், கதவைப் பார்த்தார், எழுந்துபோய்ச் சாத்தினார். பிறகு தணிந்த குரலில் தன் யோசனையைச் சொன்னார். புதுக் கார்டில் திருத்திவிடுவோம். போன வருஷத்துக் கார்டுகள் நாற்பதாயிரம் வெளியே போயிருக்கின்றன, அவை தாமாகவே மெல்ல மெல்லப் பழசாகி மறைந்துவிடும். சில மில்லிமீட்டர்தானே? துறைக்குத் தெரிந்தால் இந்த ஆபீஸை இனி யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இங்கே இருக்கிற பதினோரு பேரும் எங்கே போவார்கள்? அவர் சொன்னதில் பதினோரு பேரைப் பற்றிய பகுதி உண்மை. அதனால்தான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது.

அவள் ஸ்கேலை எடுத்து மேஜைமேல் இருந்த கார்டின் குறுக்கே வைத்தாள். "அஞ்சு மில்லிமீட்டர் ஒரு மாசம் சார். என் தங்கச்சி பையனுக்கு நாலு மாசம். அவனும் இந்தக் கார்டுலதான் இருக்கான். நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

முதலாளியின் மேஜையிலிருந்த போனையே எடுத்து அவள் எண்களை அழுத்தினாள். துறையில் கார்டுக்குப் பொறுப்பான அம்மாள் ஒரு டாக்டர். புள்ளியக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், சதவீதக் குறி வரைக்கும். பிறகு அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கார்டின் பின்பக்கம் எடை அட்டவணை இருக்கிறதே, அந்த எண்கள் சரியா?

சரி. எண்களை எந்த இடைவெளியும் தள்ளவில்லை. முன்பக்கம் கோடு இருந்ததால் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இனி கோட்டைப் பார்க்காதே, அட்டவணையைப் பார் என்று எல்லா நிலையங்களுக்கும் இப்போதே செய்தி அனுப்புவதாக அந்த அம்மாள் சொன்னார். பிறகு பெயரைக் கேட்டார். புள்ளியக்கா இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் சொன்னாள்.

இருக்கைக்குத் திரும்பினாள். மேக்ரோவில் அந்த இரண்டு வரிகளின் கடைசியிலும் சதவீதக் குறியைப் போட்டாள். ஓட்டினாள். நாலு கோடுகளும் இடது ஓரக் கோட்டைத் தொட்டுக்கொண்டு வரிசையாகத் தொடங்கின. திருத்துவதற்கு ஆன நேரம் பத்து விநாடி. அதை நினைத்துத்தான் அவளுக்கு முதல்முறையாகக் கண் கலங்கியது. தாளை எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடி சாரிடம் கொடுத்தாள். அவர் பச்சைக் கட்டம் இல்லாமல் ஒன்று, இருந்து ஒன்று என்று இரண்டு தாள் கேட்டார். ஜன்னலுக்குப் போய்ச் சரியான பழைய ப்ரூஃபோடு வைத்துப் பார்த்தார். ஸ்கேலால் அளந்தார். மறுபடி அளந்தார். அவரை அவசரப்படுத்த அவளுக்கு இன்றைக்கு வாயில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது மணி பன்னிரண்டு பதினேழு.

"நீங்க கிளம்புங்கம்மா," என்றார். "நான் அனுப்பிக்கறேன். ஒரு எழுத்தைக்கூட யாரையும் தொட விடமாட்டேன்."

பஸ் நிலையம் ஆபீஸிலிருந்து இருபது நிமிஷம். வண்டி பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று எல்லாரையும் நிறுத்தி வைத்திருந்தது. அவள் வண்டியின் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார். தங்கைக்குப் போன் அடித்தாள். தங்கை போனை அணைத்து வைத்திருந்தாள். தங்கையின் கணவரைக் கூப்பிடலாம் என்றால் அவருக்கு வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. ஐந்து நிமிஷம் பார்த்தாள், இறங்கி நடந்தாள், நடை போதாமல் ஓடினாள். நாற்பத்து மூன்று வயதில், பகல் வெயிலில், தோள் பை இடுப்பில் மோத ஓடுகிறவளை ஊரே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். ஒரு பஸ் இரண்டு நிமிஷம் முன்னதாகக் கிளம்புவது உலகத்தில் நடக்காத காரியமா என்ற ஒரே நினைப்புதான் அவள் மண்டைக்குள் ஓடியது.

பஸ் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் நின்று கடைசி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். டிக்கெட் எங்கே என்று அவர் பின்னாலிருந்து கத்தியது காதில் விழவில்லை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் தங்கை. மடியில் குழந்தை. இத்தனை சத்தத்திலும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சட்டைக் கைக்குள்ளிருந்து நீண்டிருந்த அந்த மணிக்கட்டை இப்போதுதான் பார்த்தாள். கார்டைப் பார்த்துக் கார்டைப் பார்த்துக் குழந்தையைப் பார்க்கவே மறந்திருக்கிறாள்.

ஓடி வரும்போது வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள். இடைவெளி, மேக்ரோ, ப்ரூஃப் என்று விளக்கமாக. மூச்சு வாங்கியதில் ஒன்றும் வரவில்லை.

"இறங்கு. கோடு தப்பு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். நீ சொன்னதுதான் சரி."

தங்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள். புரியவில்லையோ என்று புள்ளியக்கா மறுபடி வாயெடுத்தாள். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து, மேலே இருந்த தன் பையை இறக்கித் தரும்படி கண்டக்டரிடம் கேட்டாள். அவர் திட்டிக்கொண்டே இறக்கினார். அழுவாள், சண்டை போடுவாள், நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்பாள் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்திருந்த புள்ளியக்காவுக்கு, அவள் ஒன்றும் கேட்காதது தாங்க முடியாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் பாதி வழி கடந்த பிறகுதான் தங்கை பேசினாள்.

"மூணு வாரம்க்கா," என்றாள். அதோடு சரி.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு முதல் மாடியில். நர்ஸ் குழந்தையின் துணியைக் கழற்றி எடை பார்த்தார். தங்கை நீட்டிய கார்டை வாங்கினார், முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி அட்டவணையில் விரலை ஓட்டினார். துறையின் செய்தி அதற்குள் வந்துவிட்டிருந்தது. விரல் நாலாவது மாதத்தில் நின்றது. அங்கே எழுதியிருந்த எண்ணுக்கும் தராசு காட்டிய எண்ணுக்கும் நடுவே அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான தூரம் இருந்தது. நர்ஸ் கார்டில் எதையும் எழுதாமல் உள்ளே போய் டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் இளைஞர். குழந்தையின் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார், உதட்டின் நிறத்தைப் பார்த்தார், மறுபடி மார்பில் குழாயை வைத்தார். இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது என்றார். அதனால்தான் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுகிறான், குடிப்பதற்கு அவனுக்குத் தெம்பு போதவில்லை. மருந்து இருக்கிறது, பார்க்க வேண்டிய சோதனைகள் இருக்கின்றன, சேர்த்துவிடுங்கள், இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பேச்சே வேறு.

டாக்டர் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். இரண்டு பெண்களில் மூத்தவள் எவளோ அவளைத்தானே யாரும் பார்த்துக் கேட்பார்கள்? அவரும் புள்ளியக்காவைப் பார்த்துத்தான் கேட்டார், இது எப்போதிலிருந்து இப்படி என்று. இருபத்து நாலு வருஷப் பழக்கம், நடந்ததெல்லாம் நடந்த பிறகும் அவளுடைய வாய் தானாகத் திறந்தது. போன மாதம் வரைக்கும் கார்டில் பார்த்தால் என்று ஆரம்பித்தாள்.

தங்கை அவள் கையைத் தொட்டாள். அழுத்தவில்லை, தள்ளவும் இல்லை.

"அவங்களுக்குத் தெரியாது டாக்டர். என்னைக் கேளுங்க."

டாக்டர் நாற்காலியைத் தங்கையின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். எந்த நாள் எத்தனை நிமிஷம் குடித்தான், எந்த நாள் நெற்றியில் வியர்த்தது, எந்த நாள் அழுகை மாறியது என்று ஒவ்வொன்றாக, தாளைப் பார்க்காமல், தடுமாறாமல். டாக்டர் எழுதிக்கொண்டே போனார். புள்ளியக்கா பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து நின்று, முதல் தடவையாக அதையெல்லாம் கேட்டாள்.